கியர் பாக்ஸைக் கழற்றும் முன்: டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பன்னிரண்டு வருடப் பழைய செடான், 4 கியர் ஆட்டோமேட்டிக். "அறுபது எழுபதுல போறப்ப வண்டி உதறுது மாப்ள. ஹைவேஸ்ல வேகத்தைக் குறைக்கச் சொல்லி வெள்ளைப் பட்டை தடிமனா போட்டிருப்பாங்களே, அது மேல ஏறுன மாதிரி தடதடங்குது. ரெண்டு செகண்டுதான், அப்புறம் சரியாயிடுது" என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று எண்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் மடித்தபடி சட்டைப் பையிலேயே இருந்தது.

அது கன்வர்ட்டர் இல்லை. என்ன கோளாறு என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதும் முழுக்க அபத்தம் இல்லை. அறிகுறி அப்படியே கன்வர்ட்டர் கிளட்ச் கோளாறு போலத்தான் இருந்தது. அவர் தவறவிட்டது ஒன்றுதான்: வரிசை. இந்தக் கோளாறில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருளை முதலிலேயே சந்தேகப்பட்டுவிட்டார்.

உள்ளே நடப்பது என்ன?

மேனுவல் காரில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தட்டு இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் நடுத்தரப் பரங்கிக்காய் அளவில், ஏறக்குறைய அதே வடிவில், ஒரு இரும்புக் கூடு இருக்கிறது. அதுதான் டார்க் கன்வர்ட்டர். உள்ளே முழுக்க ஆயில். கூடு இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். அதன் பின்சுவரில் உள்ள இறக்கைகள் ஆயிலை வீசியடிக்க, எதிரே இருக்கும் டர்பைன் என்ற இன்னொரு இறக்கைச் சக்கரம் அந்த வேகத்தில் சுற்றும். டர்பைனிலிருந்து ஒரு தண்டு கியர் பாக்ஸுக்குள் போகிறது. நடுவே இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலைச் சரியான கோணத்தில் திருப்பிவிடும். வண்டி புறப்படும் நேரத்தில் இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இதனால்தான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அவர் மனதில் இருந்தது கப்பல், கார் அல்ல.

இதில் ஒரு குறை உண்டு. சாம்பார் அண்டாவைக் கரண்டியால் வேகமாகச் சுற்றிக் கிண்டினால், மிதக்கும் முருங்கைக்காய்த் துண்டும் கூடவே சுற்றும். ஆனால் கரண்டியின் வேகத்தை ஒருநாளும் எட்டாது. டர்பைனும் அப்படித்தான். இன்ஜின் 2,200 சுற்றினால் அது 2,000 சுற்றும். நடுவே தொலையும் 200 சுற்று ஆயிலில் சூடாகப் போகிறது. சூடு என்றால் பெட்ரோல். எனவே சீரான வேகத்தில் போகும்போது இரண்டையும் நேரடியாகப் பூட்டிவிட ஒரு கிளட்ச் வைத்தார்கள். அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1949-லேயே தன் அல்ட்ராமேட்டிக் பெட்டியில் இதைக் கொடுத்தது. பெட்ரோல் விலை கடித்த பிறகு, 1978 மாடல்களில் கிரைஸ்லர் மீண்டும் கொண்டுவந்தது. இன்று இது இல்லாத கன்வர்ட்டரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

பூட்டுவதை மெக்கானிக்குகள் 'லாக்கப்' என்பார்கள். காவல் நிலையம் நினைவுக்கு வந்தால் பரவாயில்லை, ஒருவகையில் அதேதான்: டர்பைனைப் பிடித்து உள்ளே வைப்பது.

பூட்டு விழும் வழியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது. கம்ப்யூட்டர் கட்டளை இடும். கரண்ட் சொலனாய்டுக்கு, அதாவது மின்காந்தத்தில் இயங்கும் சின்ன வால்வுக்குப் போகும். சொலனாய்டு திறந்துவிடும் ஆயில் அழுத்தம், வால்வு பாடிக்குள் (ஆயில் வழிகளும் வால்வுகளும் உள்ள அலுமினியக் கட்டை) ஒரு வால்வை நகர்த்தும். அந்த வால்வு கன்வர்ட்டருக்குள் போகும் ஆயிலின் திசையை மாற்றும். அந்த ஆயில், கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் தட்டைக் கூட்டின் சுவரோடு சேர்த்து அழுத்தும். ஐந்து கண்ணி. கன்வர்ட்டர் ஐந்தாவது. மீதி நாலையும் வண்டியைப் பிரிக்காமலோ, கொஞ்சமாகப் பிரித்தோ பார்த்துவிடலாம். கன்வர்ட்டரைப் பார்க்க மட்டும்தான் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் கன்வர்ட்டர் இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்றே சொல்கிறோம். மாருதி ஏஜிஎஸ் என்று விற்பதும் அந்த வகையைச் சேர்ந்த மற்ற ஏஎம்டி பெட்டிகளும் உண்மையில் மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ மிதிக்கிறது. அவற்றில் கன்வர்ட்டர் கிடையாது, உதறினால் தேய்ந்த கிளட்ச் தட்டைப் பாருங்கள். ஹூண்டாயின் டிசிடி, ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஜி போன்ற இரட்டைக் கிளட்ச் பெட்டிகளிலும் இல்லை. டொயோட்டாவின் பெரும்பாலான ஹைப்ரிட்களிலும் இல்லை. சிவிடி என்றால் கவனம்: பலவற்றில் பெல்ட்டுக்கு முன்னால் கன்வர்ட்டரும் லாக்கப்பும் உண்டு. இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என், டீசல் கிரெட்டா ஆகியவற்றின் 6 கியர் ஆட்டோ, பழைய சியாஸ், எர்டிகாவின் 4 கியர் ஆட்டோ எல்லாம் நாம் பேசும் ரகம்.

கோளாறு மூன்று விதம்

பூட்டு விழவே இல்லை என்பது முதல் வகை. ஓட்டுபவர் பெரும்பாலும் உணரமாட்டார். மைலேஜ் குறையும், ஹைவேயில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட 200, 300 கூடுதலாக நிற்கும், கியர் ஆயில் சூடாகும். ஸ்கேனர் போட்டால் பி0741 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வரலாம்.

விழுந்த பூட்டு திறக்கவில்லை என்பது இரண்டாவது. இதை உணராமல் இருக்கவே முடியாது. சிக்னலில் பிரேக் பிடித்து நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் காரை நிறுத்தினால் எப்படிக் குலுங்கி ஆஃப் ஆகுமோ அப்படியே ஆகும். பார்க்கில் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடும், மறுபடி நிற்கும்போது அதே கதை. கோட் பி0742. எண்பதுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் டிஹெச்125சி பெட்டிகளில் சொலனாய்டு இப்படிச் சிக்கிக்கொள்வது பேர்போன வியாதி. அதன் ஒயர் கப்ளரைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் மைலேஜை இழந்து, அப்படியே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் ஏராளம்.

மூன்றாவது, விழுகிறது ஆனால் பிடிப்பு சீராக இல்லை. அதுதான் உதறல். 50-இலிருந்து 90 வரையிலான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி மேம்பாலம் மாதிரி மெல்லிய ஏற்றத்தில் ஏறும்போது ஓரிரு நொடி வரும். ஆழமாக மிதித்தால் பூட்டு விடுபட்டு உதறல் மறைந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் புகார்களில் இதுதான் குழப்பமானது. எதிரே இதே வேஷத்தில் வேறு பலரும் நிற்பார்கள்.

முதலில் ஆயில்

எதைத் தொடுவதற்கும் முன்னால் கியர் ஆயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டி என்றால் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே அளவு பாருங்கள். ஹோண்டாவில் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத புதிய பெட்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள லெவல் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். லிஃப்ட்டும் ஸ்கேனரும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, ஓரம் மங்காமல் பரவும். ஓரளவு பழுப்பாகியிருந்தால் வயது, அவ்வளவுதான். கறுத்து, அடிப்பிடித்த பால் மாதிரி கருகல் வாடை அடித்தால் உள்ளே ஏதோ வழுக்கிச் சூடாகியிருக்கிறது. விரலில் தேய்த்துப் பாருங்கள், மிளகுத்தூள் போல நெருடினால் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு உதிர்கிறது என்று அர்த்தம்.

ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்கு உள்ளேயே போகிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் தட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைப் பெயர்த்துவிடும். அந்த நிலையில் ரேடியேட்டர், கன்வர்ட்டர், பெட்டி மூன்றுக்குமே வேலை இருக்கும்.

அளவும் நிறமும் சரியாக இருந்தால்கூட, கடைசியாக யார், எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் விடுவதே இல்லை. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. கன்வர்ட்டர் கிளட்ச் வழுக்காமலும் உதறாமலும் பிடிப்பது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்களைப் பொறுத்தது. பெட்டிக்கு எழுதப்பட்டிருக்கும் தரத்தை விட்டு "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்ற டப்பாவை ஊற்றி, அடுத்த வாரமே உதறலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயில் மட்டுமே காரணமாக இருக்க முடியும் என்பதற்குப் பெரிய சான்றும் உண்டு: ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் பெட்டிகளில் உதறல் புகார் குவிந்தபோது, பழைய ஆயில் ஈரம் இழுத்துக்கொள்கிறது என்று கண்டு, 2019-இல் முழு ஆயிலையும் வேறு வகைக்கு மாற்றச் சொல்லி டீலர்களுக்குக் குறிப்பு அனுப்பினார்கள்.

உதறல் மட்டும் இருந்து, ஆயில் பழுப்பாக இருந்து, கோட் எதுவும் இல்லை என்றால் சரியான ஆயிலை மாற்றிப் பார்ப்பதே மலிவான வைத்தியம். அடி போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் வந்துவிடாது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வடியும், மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் மாற்றி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றி, மூன்று முறை செய்யுங்கள். மிஷின் போட்டு அழுத்தத்தோடு கழுவுவது எனக்குப் பிடிக்காது. கருகிப் போன ஆயில் என்றால் இந்த வைத்தியம் எடுபடாது. செலவு செய்வதற்கு முன்பே வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ரோட்டில் ஒரு மணி நேரம்

இது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்து எழுதட்டும். விடியற்காலை, சமமான நாலுவழிச் சாலை, பின்னால் வண்டி இல்லாத நேரம்.

வண்டி நன்றாகச் சூடாகட்டும். குளிர்ந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் லாக்கப் கட்டளையே இடாது, அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. மெதுவாக வேகம் ஏற்றுங்கள். 4 கியர் வண்டியில் முள் மூன்று முறை பெரிதாக இறங்கும்: ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு. அதன் பிறகு எழுபதை ஒட்டி, இல்லாத ஐந்தாவது கியர் விழுந்தது போல இன்னொரு சின்ன இறக்கம், 200-இலிருந்து 400 வரை. அதுதான் பூட்டு விழும் தருணம். ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள்.

வேகத்தை எண்பதில் சீராக வைத்து, வலது காலை அசைக்காமல், இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். வண்டி மெதுவாகக் கூடாது, தொடுவது மட்டும்தான். பிரேக் ஸ்விட்ச் சிக்னலைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்துவிடும். முள் 200, 300 ஏறும். காலை எடுத்தால் சில நொடியில் இறங்கும். ஏறி இறங்கினால் பூட்டு விழுகிறது, திறக்கிறது. அசைவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: விழவே இல்லை, அல்லது திறக்கவே இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அமுக்கிப் பாருங்கள். பூட்டு விழாத வண்டியில் வேகம் ஏறுவதற்கு முன்பே முள் துள்ளி ஏறும். பூட்டிய வண்டியில் முள்ளும் வேகமும் சேர்ந்தேதான் ஏறும்.

இப்போது உதறல் வரும் இடத்தைத் தேடுங்கள். உதறும்போது பிரேக்கைத் தொடுங்கள். நின்றுவிட்டால் சந்தேகம் லாக்கப் பக்கம் வருகிறது. பிரேக்கைத் தொட்டும் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டரை விட்டாலும் அதே வேகத்தில் தொடர்கிறது என்றால் டயர், வீல் பேலன்ஸ். இழுக்கும்போது மட்டும், கியர் எதுவானாலும் வருகிறது என்றால் ஆக்சில் உள் ஜாயின்ட், இன்ஜின் மவுன்ட் பக்கம் போங்கள்.

பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது, எனவே கன்வர்ட்டர்தான் என்று பலரும் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மச்சானின் வண்டியிலும் நின்றது. அந்த எண்பதாயிரம் பிறந்தது இங்கேதான்.

இன்னொரு எச்சரிக்கை. புதிய 6, 8 கியர் பெட்டிகளில் பூட்டு இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே விழும்; அதுவும் முழுசாக இல்லாமல் 20, 50 சுற்று வேண்டுமென்றே வழுக்க விட்டுப் பிடிக்கும். முள்ளைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது. அங்கே ஸ்கேனர் கட்டாயம்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள் இன்ஜின் கோட்களைப் படிக்கும். கியர் பாக்ஸ் விவரம் எல்லா வண்டியிலும் காட்டாது. ஒரு நாளைக்காவது நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரைப் பிடியுங்கள். பி0740-இலிருந்து பி0744 வரை எல்லாமே இந்தக் கிளட்ச் குடும்பம். இதில் பி0743 மின்சாரக் கோளாறு: ஒயர், கப்ளர், சொலனாய்டு சுருள். அந்தக் கோட் வந்த வண்டியில் கியர் பாக்ஸை இறக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். பி0741 என்பது "பூட்டச் சொன்னேன், ஆனால் சுற்று வித்தியாசம் குறையவில்லை" என்று கம்ப்யூட்டர் செய்யும் புகார் மட்டுமே. எந்தக் கண்ணி அறுந்தது என்று அதற்கே தெரியாது.

லைவ் டேட்டாவில் நான் வைப்பது: இன்ஜின் ஆர்பிஎம், டர்பைன் ஆர்பிஎம், லாக்கப் கட்டளை, கூலன்ட் சூடு, கியர் ஆயில் சூடு, பிரேக் ஸ்விட்ச். இன்ஜின் சுற்றிலிருந்து டர்பைன் சுற்றைக் கழித்தால் ஸ்லிப்.

கட்டளை 'ஆஃப்' என்றே நின்றால் கன்வர்ட்டரை மறந்துவிடுங்கள், அதற்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று பாருங்கள். காலை எடுத்த பிறகும் பிரேக் ஸ்விட்ச் 'ஆன்' காட்டுகிறதா? பெடலில் இருக்கும் சின்ன ரப்பர் கட்டை உடைந்து விழுந்திருக்கலாம். கூலன்ட் அரை மணி நேரம் ஓட்டியும் சூடேறவில்லையா? கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். "இங்க சூடு ஜாஸ்தி, இது எதுக்கு" என்று நம் ஊரில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்த வண்டிகள் உண்டு. அவற்றில் இந்தக் கோளாறு இலவச இணைப்பு.

கட்டளை 'ஆன்', ஆனால் ஸ்லிப் 200-லேயே நிற்கிறது என்றால் மின்சாரத்திலிருந்து தட்டு வரை எதுவும் இருக்கலாம், மல்டிமீட்டரை எடுங்கள். கட்டளை 'ஆஃப்', ஸ்லிப் சுழியம் என்றால் பூட்டு சிக்கிக்கொண்டிருக்கிறது. சீரான வேகத்தில் கட்டளையே ஆன், ஆஃப் என்று மாறிக்கொண்டிருந்தால் கிளட்ச்சைத் திட்டாதீர்கள், கம்ப்யூட்டருக்குத் தப்பான தகவல் போகிறது. த்ராட்டில் சென்சார் துடிக்கலாம். ஆல்டர்னேட்டர் டயோடு பழுதாகி மின்சாரத்தில் இரைச்சல் கலந்தாலும் இது நடக்கும். டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்களில் அமெரிக்க மெக்கானிக்குகளை வெகுநாள் சுற்றவிட்ட கோளாறு அது.

உதறும் வண்டியில் பார்க்க வேண்டியது உதறும் அந்த இரண்டு நொடியில் ஸ்லிப் என்ன செய்கிறது என்பதை. கிளட்ச் உண்மையில் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு உதறினால் ஸ்லிப் எண் குதிக்கும்: 0, 60, 10, 80. மச்சானின் வண்டியில் தடதடவென்று ஆடிய நேரத்திலும் அந்த எண் 0-க்கும் 8-க்கும் நடுவே பசை போட்டு ஒட்டியது போல நின்றது. கிளட்ச் நன்றாகத்தான் பிடித்திருந்தது. அப்படியானால் உதறியது இன்ஜின்.

மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் நெருப்பு தவறும் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இழுத்தேன். ரப்பர் மூடியின் அடியில் மயிரிழை விரிசல். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினால், வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்டது போல மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புத் தடம். மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் அந்தத் தடம் வழியே இறங்கியிருக்கிறது. பூட்டு விழும் நேரத்தில் இன்ஜின் குறைந்த சுற்றில் அதிகப் பளு இழுக்கும். நெருப்பு தடுமாற அதுதான் தோதான நேரம். பூட்டாதபோது அந்தத் தடுமாற்றத்தை ஆயில் விழுங்கிக்கொள்ளும், பூட்டிவிட்டால் அப்படியே ஸ்டீயரிங் வரை வரும். பிரேக்கைத் தொட்டதும் உதறல் நின்றதன் ரகசியம் இதுதான். மாற்றியது ஒரு காயில், நாலு பிளக்.

ஸ்கேனர் கிடைக்கவில்லையா? நாலாவது கியர் விழாமல் தடுக்கும் 'ஓவர் டிரைவ் ஆஃப்' பொத்தானை அழுத்தி, மூன்றாவது கியரில் ஏற்றத்தில் நன்றாக அமுக்கி ஏறுங்கள். பூட்டு இல்லாத அந்தப் பளுவிலும் விக்கினால் சந்தேகம் இன்ஜின் பக்கம் சாய்கிறது. விக்காவிட்டால் மட்டும் இன்ஜினை முழுசாக விடுவித்துவிடாதீர்கள்.

மல்டிமீட்டர்

பிரேக் விளக்கு ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். பிறகு கியர் பாக்ஸ் கப்ளர். கழற்றி மூக்கருகே வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் கசிந்திருந்தால், பின்னில் பச்சை பூத்திருந்தால், பாதி வேலை முடிந்தது.

சொலனாய்டின் ஓம் அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஓர் அளவுகோலுக்கு: டொயோட்டாவின் ஆன்-ஆஃப் வகை சொலனாய்டுகள் 20 டிகிரியில் 11-இலிருந்து 15 ஓம் காட்டும். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றும் லீனியர் வகை 5-ஐ ஒட்டியே இருக்கும். எல்லையற்ற எண் என்றால் சுருள் அறுந்திருக்கிறது, சுழியத்தை ஒட்டினால் ஷார்ட். குளிர்ந்த வண்டியில் ஒருமுறை, ஓட்டி வந்து சூட்டோடு ஒருமுறை என இரண்டு தடவை அளக்க வேண்டும். காலையில் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு சூடேறியதும் அறுந்துபோகும் சுருள்கள் நிறைய.

ஆன்-ஆஃப் வகைக்கு 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று கேட்கும். லீனியர் வகைக்கு அப்படி நேரடியாகக் கொடுத்தால் எரிந்துவிடும். நடுவே ஒரு 21 வாட் பிரேக் விளக்கு பல்பை வரிசையில் இணைத்துத்தான் கொடுக்க வேண்டும். டிக் சத்தம் சுருள் வேலை செய்வதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே இருக்கும் சல்லடை அடைத்திருந்தாலும் டிக் என்றுதான் சொல்லும்.

இதற்கு மேல் கை மாறட்டும்

கட்டளை வருகிறது, கரண்ட் போகிறது, சொலனாய்டு நல்லது, ஆயில் நல்லது, ஸ்லிப் மட்டும் குறையவில்லை. இனி வால்வு பாடியா, கன்வர்ட்டரா என்பதுதான் மிச்சம். புதியவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் வேலை செய்பவரிடம் சரியாகக் கேட்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வால்வு பாடியில் லாக்கப் வால்வு ஓடும் துளை அலுமினியம். வருடக்கணக்கில் வால்வு ஆடி ஆடி அந்தத் துளை தேய்ந்து அழுத்தம் கசியும். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60இ பெட்டியில் இது அவ்வளவு சகஜம். பி1870 கோட் வந்தாலே அந்தத் துளையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைக் கவனிக்காமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் பழைய கோளாறே திரும்பி வரும். எனவே பெட்டியின் அடியில் உள்ள ஆயில் பான் மூடியை இறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். அதில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல இருப்பது இயல்பு. ஊசி போன்ற சில்லுகள், கறுப்புத் துகள் படலம் இருந்தால் தட்டு உதிர்ந்திருக்கிறது.

கன்வர்ட்டர்தான் என்று உறுதியானால், புதிதாகவும் வாங்கலாம். லேத்தில் வெட்டித் திறந்து, புதுப் பூச்சு ஒட்டி, வெல்டிங் வைத்து, பேலன்ஸ் பார்த்துத் தருபவர்களிடமும் கொடுக்கலாம். பேலன்ஸ் பார்க்கும் மிஷின் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். கூலர் குழாய்களைக் கழுவாமல் மாட்டவும் விடாதீர்கள். பழைய தட்டின் தூள் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

மாட்டும்போது கன்வர்ட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். தண்டின் பற்கள், ஸ்டேட்டர், பம்ப் என ஒவ்வொன்றாக உட்காரும்போது 'டொக்' என்று உள்ளே இறங்கும். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு மூன்று டொக். ஒன்று பாக்கி இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால் ஆயில் பம்ப் உடையும். புதுக் கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு ஆயில் ஊற்றி மாட்டுவதும் இந்த நேரத்தில்தான்.

வேலை முடிந்ததும் கோட்களை அழித்து, கேட்கும் வண்டிக்கு ரீலேர்ன் (கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்குவது) செய்து, முன்பு ஓட்டிய அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எண்பதில் பூட்டு விழுந்த நிலையில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மச்சானின் வண்டியில் அது 1,950. அந்த எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி டாஷ்போர்டில் போட்டிருக்கிறார்.